போனை எடுக்க ஓர் ஆள் வேண்டும்

1898-இல் பெங்களூரில் பிளேக் பரவியபோது, நோய்த்தடுப்பு வேலைகளை ஒருங்கிணைப்பதற்காக நகரில் தொலைபேசிக் கம்பிகள் இழுக்கப்பட்டன. தண்டுப் (கன்டோன்மென்ட்) பகுதியின் நெரிசலைக் குறைக்க, அகலமான தெருக்களோடு புதுக் குடியிருப்புகள் திட்டமிடப்பட்டதும் அந்தக் கொள்ளைநோய்க்குப் பிறகுதான். அப்படி உருவானதுதான் பிரேசர் டவுன். மைசூரின் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராகவும் பின்னர் பிரிட்டிஷ் ரெசிடென்டாகவும் இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். அரசுக் காகிதத்தில் இப்போது அது புலிகேசி நகர். பேச்சில் இன்னும் பிரேசர் டவுன்தான்.

கொள்ளைநோயால் பிறந்த அந்த ஊர், 2020-இல் மறுபடி ஒரு கொள்ளைநோயைச் சந்தித்தது. இந்த முறை கம்பி இழுக்க வேண்டியிருக்கவில்லை. எல்லோர் கையிலும் போன் இருந்தது. அந்தப் போனைக் கொண்டு ஒரு தொண்டு நிறுவனம் உண்மையில் என்ன செய்ய முடியும், எங்கே அது கைவிட்டுவிடும் என்பதற்கு இந்த வட்டாரத்தைவிட நல்ல பாடம் வேறெங்கும் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும், பெங்களூரில் தனித்தனியாக இயங்கிவந்த ஏறக்குறைய இருபது தொண்டு அமைப்புகள் 'மெர்சி மிஷன்' என்ற ஒரே பெயரில் கைகோத்தன. பெரும்பாலும் முஸ்லிம்கள் முன்னின்று நடத்தும் அமைப்புகள். மளிகைப் பை, சமைத்த சாப்பாடு, ஊர் திரும்பும் தொழிலாளர்களுக்கு உதவி, ஆம்புலன்ஸ், ஆக்சிஜன் என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். கொரோனாவில் இறந்தவர்களை, எந்த மதத்தவராக இருந்தாலும், அவரவர் முறைப்படி அடக்கமோ தகனமோ செய்துகொடுக்க 'மெர்சி ஏஞ்சல்ஸ்' என்ற குழு இருந்தது. சொந்தக்காரர்களே கிட்ட வரப் பயந்த நாட்கள் அவை.

இதில் தொழில்நுட்பம் எங்கே வந்தது? பொதுமக்களுக்குத் தெரிந்தது ஒரே பெயர், ஒரே உதவி எண். அதுதான் பெரிய விஷயம். ஆளுக்கொரு எண், ஆளுக்கொரு ஃபேஸ்புக் பக்கம் என்று இருந்தால், ஒரு தெருவுக்கு மூன்று தடவை அரிசி போகும், பக்கத்துத் தெருவுக்கு ஒரு தடவைகூடப் போகாது. நிவாரண வேலையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. எண் ஒன்றானால் கோரிக்கைகள் ஒரே இடத்தில் வந்து சேரும். எது முடிந்தது, எது பாக்கி என்று பார்க்க முடியும்.

அதே வருடம் ஜூலையில், பிரேசர் டவுனுக்குப் பக்கத்தில் இருக்கும் சிவாஜிநகர் எச்.பி.எஸ். மருத்துவமனையை நடத்தும் டாக்டர் தாஹா மதீன் ஒரு வீடியோவில் பேசினார். படுக்கை இருக்கிறது, வென்டிலேட்டர் இருக்கிறது, பார்த்துக்கொள்ள டாக்டர்களும் நர்ஸ்களும் இல்லை, வாருங்கள் என்பதே அதன் சாரம். வீடியோ பரவியது, தொண்டர்கள் வந்தார்கள். சோக இசை சேர்த்து, அழும் முகத்தை அருகில் காட்டி எடுக்கும் எத்தனையோ விளம்பரப் படங்களால் முடியாதது அந்த வீடியோவால் முடிந்ததற்குக் காரணம் எளிமையானது. என்ன இருக்கிறது, என்ன இல்லை, யார் வர வேண்டும், எங்கே வர வேண்டும் என்ற நான்கும் அதில் இருந்தன. சமூக வலைதளத்தில் எதையாவது கேட்கப் போகும் எந்த அமைப்பும் முதலில் இந்த நான்கையும் எழுதி வைத்துக்கொண்டு பிறகு கேமராவைத் திறக்கலாம்.

இரண்டாவது அலை

2021 ஏப்ரல், மே மாதங்களை பெங்களூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். மருத்துவமனைப் படுக்கைக்கு 1912 என்ற உதவி எண்ணைக் கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிட்டால் முதல் கேள்வி, "பி.யு. நம்பர் என்ன?" பரிசோதனை முடிவு வந்த பிறகு நோயாளிக்கு ஒதுக்கப்படும் எண் அது. அது வராமல் மாநகராட்சி ஒதுக்கீட்டில் படுக்கை கிடைப்பது கடினமாக இருந்தது. இதனால் அந்த நாட்களின் வாட்ஸ்அப் செய்திகளுக்கென்று ஒரு வடிவம் தானாக உருவானது. நோயாளியின் வயது, பி.யு. எண், ஆக்சிஜன் அளவு, இருக்கும் இடம், கூட இருப்பவரின் போன் எண். இதில் ஒன்று விடுபட்டாலும் உதவ வந்தவர் திரும்பக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் சிலருக்கு இருக்கவில்லை.

ட்விட்டரில் ஆக்சிஜன், படுக்கை, மருந்து பற்றிய தகவல்கள் வெள்ளமாக வந்தன. ஊரையும் தேவையையும் தேர்ந்தெடுத்தால் அதற்கான பதிவுகளை மட்டும் தேடிக் காட்டும் ஒரு எளிய இணையதளத்தை பெங்களூர் மென்பொருள் இளைஞர் ஒருவர் உருவாக்கினார். நாடு முழுக்கப் பயன்பட்டது. ஆனால் தேடிக் கிடைக்கும் தகவலில் கணிசமானது பழசு. காலையில் சிலிண்டர் இருந்த கடையில் மதியம் காலி. எண் சுவிட்ச் ஆஃப். சில எண்கள் முன்பணம் வாங்கி ஏமாற்றுபவர்களுடையவை.

அப்போது கல்லூரி மாணவர்களும் வேலைக்குப் போகும் இளைஞர்களும் செய்த வேலைதான் என் பார்வையில் இந்த நாட்டின் இணையத் தொண்டு வரலாற்றிலேயே உயர்ந்தது. ஒவ்வொரு எண்ணையும் தாங்களே கூப்பிட்டார்கள். பேசி உறுதிப்படுத்திக்கொண்டு, தகவலுக்குப் பக்கத்தில் 'வெரிஃபைட், மாலை 4.20' என்று எழுதினார்கள். தீர்ந்துவிட்டால் 'ஸ்டாக் இல்லை' என்று மாற்றினார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் ஒரு கூகுள் ஷீட்டும் ஒரு போனும்தான். ஆனால் அந்த நேரக் குறிப்பு உயிர்களைக் காப்பாற்றியது.

இன்றும் நம் குழுக்களில் சுற்றும் ரத்த தானக் கோரிக்கைகளைப் பாருங்கள். "அவசரம்! ஓ நெகட்டிவ் தேவை. குழந்தை உயிருக்குப் போராடுகிறது. எல்லோருக்கும் பகிரவும்." எந்த ஊர்? எந்த மருத்துவமனை? எந்தத் தேதி? எதுவும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முந்தைய கோரிக்கை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழந்தை குணமாகிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கலாம். அதன் அப்பாவுக்கு மட்டும் இன்னும் அழைப்பு வந்துகொண்டே இருக்கும். கோரிக்கையை அனுப்பும் அமைப்பு, தேவை முடிந்ததும் 'முடிந்தது, நன்றி' என்று இரண்டாவது செய்தி அனுப்பியே ஆக வேண்டும். முதல் செய்தியைவிட இரண்டாவதுதான் அந்த அமைப்பின் மேல் நம்பிக்கையை வளர்க்கும். அடுத்த தடவை அவர்கள் கேட்கும்போது ஜனங்கள் எழுந்து வருவார்கள்.

அதே போன், வேறு இரவு

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. 2020 ஆகஸ்ட் 11 இரவு, இதே புலிகேசி நகர் சட்டமன்றத் தொகுதியில், ஒரு ஃபேஸ்புக் பதிவைத் தொடர்ந்து டி.ஜே. ஹள்ளி, கே.ஜி. ஹள்ளி பகுதிகளில் வன்முறை மூண்டது. சட்டமன்ற உறுப்பினரின் வீடு எரிந்தது, காவல் நிலையம் தாக்கப்பட்டது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கொரோனா நிவாரணத்துக்காகச் செய்திகள் பறந்த அதே தெருக்கள், அதே போன்கள். அதே இரவில் முஸ்லிம் இளைஞர்கள் ஓர் அனுமார் கோயிலைச் சுற்றிக் கைகோத்து நின்ற வீடியோவும் பரவியது.

இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி 2018-இல் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்கே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் இன்னும் இறுக்கியது. கம்பெனி செய்வது கம்பெனியோடு. வட்டாரத்தில் வேரூன்றிய தொண்டு அமைப்புக்கு வேறொரு கடமை இருக்கிறது. ஒரு வதந்தி கிளம்பும்போது, "இது உண்மை இல்லை, நாங்கள் நேரில் போய்ப் பார்த்தோம்" என்று சொல்லும் குரலாக அது இருக்க முடியும். அந்தக் குரலை ஜனங்கள் நம்ப வேண்டுமென்றால், சண்டை இல்லாத சாதாரண நாட்களில் அந்த எண்ணிலிருந்து உண்மையும் உதவியும் மட்டுமே வந்திருக்க வேண்டும். வாழ்த்து அட்டைகளையும் தலைவரின் பிறந்தநாள் படங்களையும் தினம் அனுப்பிய எண்ணை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

பிரேசர் டவுனின் மாஸ்க் (மசூதி) ரோட்டில் ஒரு சாயங்காலம் நடந்தால் தமிழ், தக்கினி உருது, கன்னடம், ஆங்கிலம் நான்கும் காதில் விழும். ஆனால் இந்தப் பகுதிக்காக வேலை செய்யும் அமைப்புகளின் பதிவுகளில் பாதிக்கு மேல் ஆங்கிலம். நன்கொடை தருபவர் ஆங்கிலம் படிப்பார் என்று கணக்கு. உதவி தேவைப்படும் அம்மா படிக்க மாட்டாரே! அவருக்கு நாற்பது விநாடி குரல் செய்தி போதும், அவர் மொழியில், முடிந்தால் அவருக்குத் தெரிந்த ஒருவரின் குரலில். வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் 256 பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாம். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முகாமுக்கு வருபவரிடம் பெயர் எழுதி வாங்கும்போதே, அவர் போனில் அமைப்பின் எண்ணைப் பதிந்துகொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

இன்னொன்று. படமாகவே எல்லாவற்றையும் போடும் பழக்கம். முகாம் தேதி, இடம், எண் எல்லாம் வண்ண வண்ணமாக ஒரு படத்துக்குள் இருக்கும். பார்வையற்றவரின் போன் அந்தப் படத்தைப் பெரும்பாலும் சரியாகப் படித்துச் சொல்லாது. ரயில் பாதையைத் தாண்டினால், 1959-இல் என்.எஸ். ஹேமா தொடங்கிய மாற்றுத்திறனாளிகள் அமைப்பு லிங்கராஜபுரத்தில் இருக்கிறது. அறுபது வருடத்துக்கு மேல் அந்த வேலையைச் செய்துவரும் அமைப்பு இருக்கும் வட்டாரத்தில், படத்துக்குக் கீழே அதே விவரத்தை எழுத்தாகவும் சேர்ப்பது குறைந்தபட்ச மரியாதை.

படங்களைப் பற்றிச் சொல்லும்போது மனதை உறுத்தும் விஷயம் இதுதான். உதவிப் பையை வாங்கும் சிறுமியின் முகம் தெளிவாகத் தெரிய, சுற்றிலும் ஐந்து பெரியவர்கள் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் படம். அவள் நாளைக்கு வகுப்பில் அந்தப் படத்தைச் சந்திக்க வேண்டியிருக்கும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் அது தவறுதான்.

முகமே இல்லாமல் பேர் வாங்க முடியும் என்பதற்கும் பெங்களூரிலேயே சாட்சி உண்டு. 2010-இல் சர்ச் ஸ்ட்ரீட்டில் தொடங்கிய 'தி அக்லி இண்டியன்' குழுவில் யார் தலைவர், யார் உறுப்பினர் என்று பொதுவில் சொல்லவே மாட்டார்கள். குப்பை மண்டிய ஒரு மூலையைத் தொண்டர்கள் சேர்ந்து சுத்தம் செய்து, வர்ணம் அடித்து, 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு படங்களை ஃபேஸ்புக்கில் போடுவார்கள். அவ்வளவுதான் பிரசாரம். அதைப் பார்த்துப் பல ஊர்களில் ஆட்கள் துடைப்பத்தோடு கிளம்பினார்கள். வேலையே படமாக இருந்தது.

பணம்

யு.பி.ஐ. வந்த பிறகு நூறு ரூபாய் நன்கொடையும் நேராக வந்து சேர்கிறது. சிறிய அமைப்புகளுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் க்யூ.ஆர். கோடு நிர்வாகியின் சொந்த வங்கிக் கணக்கில் இருந்தால், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஒருநாள் கேள்வி வரும். கணக்கு அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை (80ஜி என்று பழகிய பெயர்) இருக்கும் அமைப்பென்றால், இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னும் முக்கியமான ஒன்று. சிங்கப்பூரில், கனடாவில் இருக்கும் உறவினர் இந்தியக் குடிமகனாகவே இருந்து தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் ஆகும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) கீழ் பதிவோ முன்அனுமதியோ உள்ள அமைப்பு மட்டுமே அதை வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் வந்து சேர வேண்டிய இடம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி பிரதானக் கிளைதான். இன்ஸ்டாகிராமில் க்யூ.ஆர். போட்டு 'உலகெங்கும் உள்ள நல்லுள்ளங்களே' என்று அழைப்பதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கூகுள் தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்கு மாதம் 10,000 டாலர் வரை மதிப்புள்ள தேடல் விளம்பரங்களை இலவசமாகத் தருகிறது. வாங்கிக்கொள்ளலாம். ஆனால் விளம்பரத்தைப் பார்த்து ஒருவர் அழைக்கும்போது மணி அடித்துக்கொண்டே இருந்தால், அவர் மறுபடி அழைக்க மாட்டார். இன்னொரு வழக்கமான சிக்கல்: ஃபேஸ்புக் பக்கமும் ஜிமெயில் கணக்கும் உற்சாகமான ஒரு தொண்டரின் சொந்தப் போன் எண்ணில் திறக்கப்பட்டிருக்கும். அவருக்குப் புனேயில் வேலை கிடைத்துப் போய்விடுவார், கடவுச்சொல்லும் கூடவே போய்விடும். அமைப்பின் பெயரில் ஒரு சிம், இரண்டு நிர்வாகிகள், பூட்டி வைத்த ஒரு நோட்டில் கடவுச்சொற்கள். இதற்குச் செலவு மாதம் ஒரு ரீசார்ஜ்.

உங்கள் வட்டாரத்திலும் இப்படியொரு சிறிய அமைப்பு இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் அவர்களுடைய உதவி எண்ணில் வரும் அழைப்புகளை எடுத்துப் பதில் சொல்லத் தயார் என்று சொல்லுங்கள். அவர்களுக்கு இப்போது லைக்கைவிட அதிகம் தேவைப்படுவது அதுதான்.