குடியிருப்பு நெருக்கமும் குடியிருப்போர் கருத்தும்
நிக்கோபார்த் தீவுகள் தரும் படிப்பினை

ஒரு நகரத்தின் நடுப்பகுதியைப் புதுப்பிக்க முற்படினும், இயற்கையின் சீற்றத்தால் அழிந்த ஒரு சிற்றூரை மீண்டும் எழுப்ப முற்படினும், திட்டம் வகுப்போர் முன் முதலில் எழும் வினா ஒன்றே: இத்தனை அளவுள்ள நிலத்தில் எத்தனை வீடுகள் அமையலாம்? இவ்வினாவிற்குக் கணக்கின் மூலம் விடை காண்பது எளிது. ஆயினும் அவ்வீடுகளில் வாழப்போகும் மக்கள் நெருக்கம் என்பதை எவ்வாறு உணர்கின்றனர் என்பதையும் அறிந்தாலன்றி அவ்விடை முழுமை பெறாது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நிக்கோபார்த் தீவுகளில் நிகழ்ந்த வீடமைப்புப் பணி இவ்வுண்மையை நன்கு விளக்குகின்றது.

மூவகை நெருக்கம்

நெருக்கம் என்னும் சொல் மூன்று வெவ்வேறு அளவுகளைக் குறிக்கும். ஒரு சதுரக் கிலோமீட்டர் பரப்பில் வாழும் மக்களின் எண்ணிக்கை மக்கள் நெருக்கம் எனப்படும். ஒரு ஹெக்டேர் நிலத்தில் அமைந்த வீடுகளின் எண்ணிக்கை குடியிருப்பு நெருக்கமாகும். ஓர் அறையில் வாழ்வோரின் எண்ணிக்கை மூன்றாவது அளவாகும். இம்மூன்றும் ஒருங்கே கூடவேண்டும் என்றோ குறையவேண்டும் என்றோ விதியில்லை.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நிக்கோபார் மாவட்டத்தின் மக்கள் தொகை 36,842. பரப்பு 1,841 சதுரக் கிலோமீட்டர். எனவே சதுரக் கிலோமீட்டருக்குச் சராசரியாக 20 பேரே வாழ்ந்தனர். அதே ஆண்டில் சென்னை மாவட்டத்தில் இவ்வளவு 26,000க்கும் அதிகமாக இருந்தது. இவ்வெண்களை மட்டும் நோக்குவோர், நிக்கோபாரில் நெருக்கம் என்னும் பிரச்சினைக்கே இடமில்லை என்று கருதக்கூடும். ஆயின் மாவட்ட மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், அதாவது 17,841 பேர், சுமார் 127 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள கார் நிக்கோபார் என்னும் ஒரே தீவில் வாழ்ந்தனர். அங்கு நெருக்கம் சதுரக் கிலோமீட்டருக்கு 140 ஆகும். அத்தீவிலும் ஊர்கள் பெரும்பாலும் கடற்கரையை ஒட்டியே அமைந்திருந்தன. சராசரி என்பது உண்மை நிலையை எவ்வளவு எளிதில் மறைத்துவிடும் என்பதற்கு இது தக்க சான்று.

பழைய குடியிருப்பு முறை

கார் நிக்கோபாரின் பழைய வீடு தேன்கூட்டைப்போல் வட்டவடிவமுடையது. மரத்தூண்களின்மேல் ஆள் உயரத்திற்கு மேலாக எழுப்பப்பட்டது. புல்லால் கூரை வேயப்பட்டது. ஏணியின் வழியே மேலேறுவர். தரைத்தளத்தின் அடியிலுள்ள வெளியில் காற்று தடையின்றி உலவும். பகற்பொழுதில் அந்நிழலில் அமர்ந்து இளைப்பாறுவதும் வேலை செய்வதும் வழக்கம். தடித்த புற்கூரை வெயிலின் வெப்பத்தை உள்ளே புகவிடாது. குவிந்த வட்டவடிவமாதலின் கடற்காற்று கூரையைத் தாக்காமல் வழுவிச் செல்லும்.

இவ்வீட்டில் வாழ்ந்தது தாய், தந்தை, மக்கள் என்னும் சிறு குடும்பம் மட்டுமன்று. 'துஹெட்' எனப்படும் கூட்டுக் குடும்பமே நிக்கோபார் சமூகத்தின் அடிப்படை அலகு. நிலமும் தென்னந்தோப்பும் பன்றிகளும் துஹெட்டிற்குப் பொதுவானவை. குடும்பத்தின் மூத்தவர் அவற்றின் பயன்பாட்டை நெறிப்படுத்துவார். பல துஹெட்டுகள் சேர்ந்து ஓர் ஊராகும். ஊர்த் தலைவர் 'கேப்டன்' என அழைக்கப்படுகிறார். ஆகவே, ஒரு வீட்டிற்கும் மற்றொரு வீட்டிற்கும் இடையே கிடந்த வெளி வெற்று நிலமன்று. விலங்குகள் திரிவதும், தேங்காய் உலர்வதும், சிறுவர் விளையாடுவதும், உறவினர் கூடுவதும் அங்கேதான்.

பேரழிவும் மாற்றமும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில், சுமத்ராவின் மேற்குக் கடலடியில் 9.1 அளவுள்ள பூகம்பம் நிகழ்ந்தது. அதனைத் தொடர்ந்து எழுந்த பேரலை நிக்கோபாரின் கடற்கரை ஊர்களைத் துடைத்தெறிந்தது. அத்துடன் நிலமே தாழ்ந்தது. பெரிய நிக்கோபாரின் தென்கோடியிலுள்ள இந்திராமுனை நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. கார் நிக்கோபாரும் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. வீட்டு மனைகளும் தோப்புகளும் இருந்த நிலத்தின் ஒரு பகுதியைக் கடல் கொண்டது.

பருவமழை தொடங்குமுன் மக்களுக்குக் கூரை அளித்தாக வேண்டிய கட்டாயம் நிர்வாகத்திற்கு இருந்தது. தகரத்தாலான இடைக்கால வீடுகள் வரிசை வரிசையாக அமைக்கப்பட்டன. பின்னர், கடற்கரையினின்று விலகிய உட்பகுதிகளில் நிரந்தர வீடுகள் எழுந்தன. அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் முழுவதிலும் இவற்றின் எண்ணிக்கை ஒன்பதாயிரத்திற்கும் அதிகம். கட்டுமானப் பொருள்களில் பெரும்பகுதி கப்பலில் தாய்நாட்டுப் பகுதியிலிருந்து வந்தது. நிவாரணத் தொகையும் வீடும் தனிக் குடும்பம் என்னும் அடிப்படையிலேயே பகிர்ந்தளிக்கப்பட்டன.

மக்கள் கூறியது யாது?

நிக்கோபாரின் மூத்தோர் பலர், கருவிகளும் வேண்டிய பொருள்களும் கிடைத்தால் தங்கள் வீடுகளைத் தாங்களே கட்டிக்கொள்ள இயலும் என்று தொடக்கத்திலேயே தெரிவித்தனர். தகர வீடுகளின் வெப்பம் தாங்கவொண்ணாதது என்றனர். உலோகத் தகடு கதிரவனின் வெப்பத்தை விரைவில் ஏற்று, உள்ளிருப்போர்மீது வீசும் தன்மையது என்பதை நோக்கின் இக்குறை இயல்பானதே. வீடுகள் நெருங்கிய வரிசைகளாக நிற்கும்போது மற்றொரு விளைவும் நேரும். காற்று வரும் திசையில் நிற்கும் வீடு, தன் உயரத்தைப்போல் பல மடங்கு தொலைவுவரை காற்றின் வேகத்தைத் தணித்துவிடுகிறது. ஆதலின் பின்வரிசையிலுள்ளோர் வெப்பமும் புழுக்கமும் மிகுதியாக உணர்வர்.

வெப்பத்தினும் ஆழமான குறை ஒன்றிருந்தது. எடுத்துக்காட்டாக, முப்பது பேர் கொண்ட ஒரு துஹெட் ஆறு தனிக் குடும்பங்களாகக் கணக்கிடப்பட்டு ஆறு வீடுகளைப் பெறுவதாகக் கொள்வோம். ஒருவருக்கு இத்தனை சதுர மீட்டர் என்னும் கணக்கில் அவர்கள் நிலை உயர்ந்ததாகவே தோன்றும். ஆனால் அவ்வாறு வீடுகளுக்கும் பொதுவான முற்றமும், விலங்குகளுக்கான இடமும், தோப்பிற்குச் செல்லும் அண்மையும் இல்லையெனில், அவர்கள் இழந்தது அக்கணக்கின் எந்தப் பகுதியிலும் பதிவாகாது. மூத்தவரின் பொறுப்பில் பொதுவாக இருந்தது தனித்தனிக் கைகளுக்கு மாறும்போது, பகிர்ந்து வாழும் முறையும் தளர்ச்சியடைகிறது.

மறுபக்கத்தையும் நடுநிலையுடன் நோக்குதல் வேண்டும். கடலின் அருகே மீண்டும் வீடமைப்பது உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடியது. இத்தீவுகள் நாட்டின் மிகக் கடுமையான பூகம்ப மண்டலத்தில் அடங்கியவை. கூரைக்கு வேண்டிய இயற்கைப் பொருள்களும் பேரலையில் பெரிதும் அழிந்துவிட்டன. குடிநீர், மின்சாரம், கழிவறை ஆகியவற்றைத் தொலைதூரத்தில் சிதறிய வீடுகளுக்கு அளிப்பதைவிட நெருங்கிய வீடுகளுக்கு அளிப்பது எளிது, செலவும் குறைவு. உறுதியான சுவரையும் தனி வீட்டையும் விரும்புவோர் எச்சமூகத்திலும் உண்டு. எனவே நெருங்கிய குடியிருப்பு முற்றிலும் தீது என்றோ, பரந்த குடியிருப்பு முற்றிலும் நன்று என்றோ முடிவு கட்டுதல் பொருந்தாது. எத்தகைய நெருக்கத்தை ஏற்பது, அதற்கு ஈடாக எதைப் பாதுகாப்பது என்பதை வாழப்போவோரும் சேர்ந்து தீர்மானித்தல் வேண்டும் என்பதே இங்குப் பெறத்தக்க முடிவாகும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

குடியிருப்போர் கருத்தைத் திரட்டச் செல்லும் பணியாளர், "வீடு வேண்டுமா?" என்று மட்டும் கேட்பாராயின் எவரும் "வேண்டும்" என்றே விடையளிப்பர். அவ்விடையால் பயன் சிறிது. பகலில் எங்கு அமர்கின்றீர்கள்? சமையல் எங்கு நடைபெறுகிறது, எரிபொருள் யாது? யார் யாருடைய வீடு அருகருகே இருத்தல் வேண்டும்? தோப்பிற்கோ படகிற்கோ நடந்து செல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இவ்வினாக்களே மனையமைப்பை வரையப் பயன்படும் விடைகளைத் தரும். குடும்பத் தலைவரை மட்டுமன்றி, பெண்டிர், முதியோர், இளைஞர் ஆகியோரையும் தனித்தனியே வினவுதல் நலம். குடும்பம் என்னும் சொல்லுக்கு அவ்வூரார் கொள்ளும் பொருளை அறிந்த பின்னரே எண்ணிக்கையைத் தொடங்குதல் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை ஒரு வகுப்புப் பயிற்சியாகவும் அமைக்கலாம். பள்ளியைச் சூழ்ந்த ஒரு தெருவின் நீள அகலங்களை அளந்து, வீடுகளையும் அறைகளையும் வாழ்வோரையும் எண்ணி, மூவகை நெருக்கத்தையும் மாணவர் கணக்கிடட்டும். பின்னர் அத்தெருவினரிடம் எங்கு இடநெருக்கடியை உணர்கின்றனர் என்று வினவட்டும். கணக்கும் கருத்தும் ஒன்றுபடும் இடங்களையும் மாறுபடும் இடங்களையும் அவர்கள் தாமே காண்பர். மாறுபாடு தோன்றும் இடத்தில் கருத்தைத் தவறென ஒதுக்காமல், கணக்கில் விடுபட்டது யாதென ஆராய்வதே விஞ்ஞான முறையாகும்.