இடது காலுக்கு வேலை வேண்டும்!

"ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறேன்" என்று வீட்டில் அறிவித்தபோது என் மனைவி தோசையைத் திருப்பிப் போட்டபடியே, "சரி, வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க" என்றாள். பத்து வருஷத் தாம்பத்தியம் கொடுத்த பக்குவம்.

நான் தேடிப் போனது ஒரு பழைய மாருதி ஜென். சிரிக்காதீர்கள் சார். 1993-ல் வந்து 2006-ல் நின்றுபோன வண்டி. 993 சி.சி. அலுமினிய எஞ்சின், 50 குதிரை சக்தி. ஐம்பது குதிரை ஒரு பெரிய தொகை இல்லைதான். ஆனால் வண்டியின் எடையே முக்கால் டன்தான். தொகையைப் பார்க்காதே, விகிதத்தைப் பார் என்று பி.காமில் மூன்று வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களே! ராலிகளில் எல்லாம் ஓடிய வண்டி. மாசக் கடைசியில் கைமாத்து கேட்கிற ஆசாமிகளுக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிற ஒரே ஸ்போர்ட்ஸ் கார் அதுதான் என்பது என் தீர்ப்பு.

நல்ல ஜென்னாகப் பார்த்தால் விலை சொல்லும்போதே ஓனர்கள் மீசையை முறுக்குகிறார்கள். ஒன்றே ஒன்றுதான் சல்லிசாக வந்தது. நங்கநல்லூர், ஒரே ஓனர், ஒரு கீறல் கிடையாது, ஐம்பத்தைந்தாயிரம். ஏன் இத்தனை மலிவு? 'ஏ.எக்ஸ்.' மாடல். ஆட்டோமேட்டிக். மேனுவல் ஜென்னுக்கு அஞ்சு கியர் என்றால் இதற்கு மூணே மூணு. மிதித்தால், "இருப்பா, யோசிச்சுச் சொல்றேன்" என்கிற ரகம்.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. ஆட்டோமேட்டிக்கை மலிவாக வாங்கி, கியர் பாக்ஸைக் கழற்றிவிட்டு மேனுவலை மாட்டினால்? வெளிநாட்டில் இது ஒரு தனி மதம். ஃபெராரி 599 ஜிடிபி என்று ஒரு கார். அதில் கையால் போடுகிற கியரோடு வந்தவை 30 மட்டுமே. அந்த முப்பதுக்கும் ஏலத்தில் அடிதடி. மற்ற 599-களை வைத்திருக்கிறவர்கள் ஒரு வீட்டு விலையைக் கொட்டிக் கொடுத்து மேனுவலாக மாற்றிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ஃபெராரி, எனக்கு ஜென். ஆசை என்னவோ ஒன்றுதானே!

நங்கநல்லூரில் கதவைத் திறந்தவருக்கு எழுபது வயசிருக்கும். கணவர் தவறி ஒரு வருஷம் ஆகிறதாம். காரைச் சுற்றி வந்து டயரை உதைத்தேன். (ஏன் உதைக்கிறோம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லாரும் உதைக்கிறார்கள்.)

"அவருக்குச் சின்ன வயசுலயே போலியோ, தம்பி. இடது கால் சுத்தமா வராது. கிளட்ச் மிதிக்க முடியாதுல்ல, அதான் இந்த மாடலா தேடி வாங்கினார். ரிவர்ஸ் போட்டா மட்டும் 'டொக்'னு ஒரு சத்தம் வரும். பயப்படாதீங்க, ரொம்ப வருஷமா வருது, ஒண்ணும் பண்ணாது."

பிறகு ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். 1999-லிருந்து போட்ட ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலும், மாற்றிய ஒவ்வொரு ஆயிலும், போன ஒவ்வொரு ஊரும் அதில் இருந்தது. கணக்கு எழுதத் தெரிந்த மனுஷர் என்று பார்த்தவுடன் தெரிந்தது. முதல் பக்கத்திலேயே, 'திருவண்ணாமலை, போக வர - தனியாக' என்று எழுதி, 'தனியாக' என்பதன் கீழே இரண்டு கோடு.

"நீங்க ஓட்டத்தானே வாங்கறீங்க? பிரிச்சு கிரிச்சுப் போட்டுட மாட்டீங்களே?"

ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு தலையாட்டு ஆட்டினேன். ஆபீசில் மேனேஜர் 'லெட்ஜர் முடிஞ்சுதா' என்று கேட்கும்போது நாம் எல்லாரும் ஆட்டுவோமே, அது. அவர் நம்பி சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஆர்.சி.யை முதலில் கணவர் பெயரிலிருந்து அம்மா பெயருக்கும், அப்புறம் என் பெயருக்கும் மாற்றின கதை தனி. அதோடு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரம், கம்பெனி செய்து கொடுத்ததற்கு முரணாகும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. ஆகவே ஸ்பேனரைத் தொடும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒரு மனு, இன்ஷூரன்ஸுக்கு ஒரு கடிதம். கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றியதைவிட இதற்குத்தான் அதிக நாள் போனது.

எங்கள் மெக்கானிக் பாய் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, திரும்ப மூடிவிட்டார். "கொயந்த மாதிரி கீது வண்டி. இத்த ஏன் தம்பி கெடுக்கறே?"

"ஸ்போர்ட்டியா இருக்கணும் பாய்."

"அப்ப ஸ்டிக்கர் ஒட்டிக்கோ."

கடைசியில் ஒப்புக்கொண்டார். நான் நினைத்தது, ஒரு பெட்டியைக் கழற்றி இன்னொரு பெட்டியை மாட்டுகிற வேலை என்று. பாய் ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் லிஸ்ட் எழுத ஆரம்பித்தார், அட்டை போதவில்லை. ஜென்னில் முன் சக்கரம்தான் இழுக்கும். எஞ்சினும் கியர் பாக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் குறுக்காகப் படுத்திருக்கும். ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் என்று ஒரு பானை, அதற்குள் ஆயில். அந்தப் பானை வெளியே வந்தால் அங்கே ஃப்ளைவீல் வர வேண்டும், அதன்மேல் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். கிளட்சை இழுக்க கேபிள். கேபிளை மிதிக்க பெடல். பெடல் செட்டே வேறு, ஏனென்றால் ஆட்டோமேட்டிக்கில் பிரேக் பெடல் அகலம்! ஆக்ஸில் வேறு, மவுண்டிங் வேறு, கியர் லீவரும் அதன் ராடும் வேறு. இத்தனையும் சரியாக மாட்டி, சாவியைத் திருப்பினால் வண்டி கம்மென்று இருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டி பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அதைக் காவல் காக்க ஒரு ஸ்விட்ச் உண்டு. கியர் பாக்ஸோடு அந்தக் காவல்காரனும் போய்விடுவதால் வயரிங்கில் அதற்கு மாற்று வழி செய்ய வேண்டும். இதெல்லாம் தெரியாமல் வண்டியைப் பிரித்துவிட்டு, வருஷக்கணக்காக ஷெட்டில் கவர் போட்டு வைத்திருக்கிற ஸ்போர்ட்ஸ் கார்கள் ஊருக்கு நாலு இருக்கும் என்றார் பாய்.

ஒரு சனிக்கிழமை புதுப்பேட்டைக்குப் போனோம். அது ஒரு உலகம் சார். ஒரு கடை முழுக்கக் கதவு, அடுத்த கடை முழுக்க ஹெட்லைட், எதிரே மலையாக சைலென்சர். ஜென் மேனுவல் கியர் பாக்ஸ் என்று வாயைத் திறந்ததுமே நாலு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். பாய் ஒவ்வொன்றையும் கையால் சுற்றி, காதை வைத்துக் கேட்டு, மோந்துகூடப் பார்த்தார். ஆயிலில் தீய்ந்த வாசனை வந்தால் உள்ளே பேரிங் காலியாம். ஆறாவதில் மனசு இறங்கி, 9,500-க்கு முடித்தார். கிளட்ச் செட், ஃப்ளைவீல், கேபிள் எல்லாம் 4,200. ஆக்ஸில், பெடல், லீவர் வகையறா 3,800. பாய் கூலி 12,000. காரின் விலையையும் கூட்டினால் 84,500. டீ, போண்டா தனி.

எட்டு நாளில் வேலை முடிந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஈ.சி.ஆரில் எடுத்துப் போனேன். இரண்டாவது கியரில் வைத்து மிதித்தேன் பாருங்கள்... இருபத்தைந்து வயசு தாண்டின எஞ்சின், சும்மா கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது. மகாபலிபுரம் வரை தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். அந்தக் காலை நேரத்துக்காகவே 84,500-ம் தகும் என்று மனைவியிடம் சொன்னேன். கொத்தமல்லியைப் பற்றிக் கேட்டாள்.

திங்கட்கிழமை வேறு கதை. ஆலந்தூரிலிருந்து நந்தனம் சிக்னல் வருவதற்குள் 143 தடவை கிளட்ச் மிதித்தேன். எண்ணினேன். இறங்கியபோது இடது முழங்கால் எனக்குச் சொந்தமாக இல்லை.

கழற்றிய ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் பாயின் ஷெட்டில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. அலுமினியம், எடைக்குப் போட்டுவிடலாம் என்றேன். "கம்முனு இரு. இது தேடினா கெடைக்காது" என்றார் பாய். எனக்குள் இருந்த காமர்ஸ்காரன் விழித்துக்கொண்டான். சப்ளை கிடையாது, டிமாண்ட் வந்தால்? இருபத்தைந்தாயிரம் என்று மனசுக்குள் விலை எழுதி வைத்தேன்.

மூன்றாவது வாரம் டிமாண்ட் காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தது. கூட்டுறவு வங்கியில் கிளார்க், நாற்பத்தைந்து வயசு. இடது காலில் காலிப்பர், கையில் ஊன்றுகோல். அவரிடமும் இதே ஏ.எக்ஸ். இருக்கிறது. அதைப் பதினைந்து வருஷத்துக்கு முன் மூன்றாம் கையாக வாங்கினாராம். இரண்டாவது கியர் வழுக்கி, எட்டு மாசமாக வீட்டு வாசலில் நிற்கிறது. அவர் தினமும் ஷேர் ஆட்டோவில், மடக்க முடியாத காலை வெளியே நீட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறார். புதுப்பேட்டை பார்த்தாயிற்று, கோயம்புத்தூர் உக்கடம் பார்த்தாயிற்று. எங்கேயும் ஒரே பதில்: "அந்த மாடலா? கண்ணால பாத்ததில்ல சார்."

"2014-ல செலெரியோ வந்ததிலேந்து ஆட்டோமேட்டிக் மலிவாயிடுச்சே சார். பழசா ஒண்ணு பாக்கலாமே?" என்றேன். மேதாவி!

"பாக்கலாம் சார். தங்கச்சி கல்யாண லோன் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

நங்கநல்லூர் நோட்டை அவரிடம் கொடுத்தேன். கியர் பாக்ஸ் ஆயில் மாற்றின தேதிகளைப் பார்க்கட்டும் என்றுதான். அவர் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டார். அந்த இரட்டைக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நான் மொதல்ல போனது திருத்தணி சார். எங்கம்மா வாசல்லயே நின்னுட்டிருந்தாங்க, திரும்பி வர்ற வரைக்கும்."

இருபத்தைந்தாயிரம் என்ற வார்த்தை வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது. புதுப்பேட்டையில் நான் கொடுத்த அதே 9,500-ஐக் கேட்டேன். பெட்டிக்குப் பெட்டி சரி. நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார். பாய் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அன்றைக்கு டீக்காசு அவரே கொடுத்தார்.

அடுத்த மாசம் நங்கநல்லூர் அம்மாவிடமிருந்து போன். "வண்டி எப்படிப்பா இருக்கு?"

நன்றாக இருக்கிறது என்று சொல்லி முடித்திருக்கலாம். அந்தத் தலையாட்டு என்னைத் தூங்கவிடவில்லை என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் தூங்கினேன். ஆனாலும் போனில் தலையாட்ட முடியாதே! எல்லாவற்றையும் சொன்னேன். பிரித்ததை, மாற்றியதை, காஞ்சிபுரத்துக்காரரை.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று, "ஹலோ... ஹலோ..." என்றேன்.

"இருக்கேம்பா" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ரிவர்ஸ்ல ஒரு சத்தம் வருமே, அதை அவர்கிட்ட சொன்னீங்களா? பாவம், பயந்துடப் போறார்."

சொல்லவில்லை. போனை வைத்த கையோடு காஞ்சிபுரத்தைக் கூப்பிட்டேன்.