முடிந்துவிட்டதா ஆட்டம்?

பகடையும் பேச்சுமே மூலதனமான ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-இல் அமெரிக்காவில் அறிமுகமானது. கதையை நடத்துபவரின் வார்த்தைதான் ஆடுபவர்களுக்குக் கண். அந்தக் கண்ணே ஏமாற்றினால்?

ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ் அதைத்தான் செய்தார். 1975-இல் போட்டிக்காக அவர் எழுதி, 1978-இல் அச்சான ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ சாகசத்தில், மந்திரவாதியின் பிணத்தை வீழ்த்தியதும் கல்லறை இடியத் தொடங்குகிறது. நடத்துபவர் பத்திலிருந்து தலைகீழாக எண்ணுகிறார். வீரர்கள் தப்பியோடியதும், “ரொம்பக் கஷ்டமாக இருந்ததோ?” என்று சாவகாசமாக விசாரிக்கிறார். வெற்றிக் களிப்பில் பலர் மூட்டை கட்டிவிடுவார்கள்.

வீழ்ந்தது போலி, இடிபாடு மாயை. அசல் கல்லறை இன்னும் உள்ளே இருக்கிறது. ஏமாந்தது கதாபாத்திரமல்ல, ஆடியவர். ஆனாலும் இது அநியாயமில்லை: ஓடாமல் நின்றவருக்கு உண்மை தெரிந்துவிடும்.