அடிஸ் அபாபாவில் ஒரு மோகனம்

வெளிநாட்டுப் பாட்டு எதையாவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்மாட்கள் பத்து வினாடி கேட்டுவிட்டுக் கட்டைவிரலைக் காட்டிவிடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆல்பத்தை மொத்தமாகத் தலையில் கட்டினால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைகளில் கீபோர்டு வாசிப்பவன் நான். ஊர் ஊராகக் கேட்ட இசையை அடுத்தவர் காதிலும் போடாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அப்படிப் போடுவதற்கு நான் முதலில் எடுப்பது எத்தியோப்பியாவைத்தான்.

காரணம் இருக்கிறது. ஒரு கொடையில் மைக் செட்காரர் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம், அந்த நாட்டின் ‘டிஸிட்டா’ என்ற ஐந்து சுர வரிசையின் மேஜர் வடிவத்தைச் சும்மா வாசித்துப் பார்த்தேன். டிரம்பெட் அண்ணாச்சி திரும்பினார். “என்னடே, கடவுள் வாழ்த்துக்கு முன்னயே மோகனம்?”

“மோகனம் இல்ல அண்ணாச்சி, எத்தியோப்பியா.”

“போடே!”

அவர் நம்பவில்லை. ஆனால் சுரங்கள் அதேதான்: ச ரி க ப த. ‘பாட்டி’ என்று ஒரு வரிசை உண்டு. அதன் மேஜர் வடிவம் நம் கம்பீர நாட்டை, மைனர் வடிவம் சுத்த தன்யாசி. ‘அம்பாஸெல்’ என்பது கர்நாடக சுத்த சாவேரியின் சுரங்கள். கமகம் வேறு, நடை வேறு, பாடுகிற தொண்டை வேறு. ராகம் என்றே சொல்லிவிட முடியாது. இருந்தாலும் காது முரண்டு பிடிக்காது. ‘அன்சிஹோயே’ மட்டும் நமக்குச் சிக்கல். பஞ்சமம் கிடையாது, இரண்டு மத்தியமமும் அடுத்தடுத்து வரும். அதை ஒரு மாதம் கழித்துக் கேட்டால் போதும்.

இந்த இசையில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் இவ்வளவு முழங்குவதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பின்னாளில் பேரரசரான ஹைலி செலாசி, 1924இல் ஜெருசலேம் போனபோது ஆர்மீனிய அனாதைச் சிறுவர்கள் 40 பேரின் பித்தளை வாத்தியக் குழுவைக் கேட்டார். கையோடு தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு வரவழைத்துவிட்டார். அந்த வழியில் வளர்ந்த ராணுவ, போலீஸ் பேண்டுகளில்தான் அடுத்த தலைமுறைக் கலைஞர்கள் தேறினார்கள். மஹ்மூத் அஹ்மத் பாடியது பேரரசரின் மெய்க்காவல் படை பேண்டில். ரெக்கார்டு வெளியிடும் உரிமையை அரசு தன் கையில் வைத்திருந்த காலத்தில், 1969இல் அம்ஹா எஷெட்டே என்ற இளைஞர் துணிந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார். ஐந்தாறு வருடம் கொண்டாட்டம். 1974இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஊரடங்கு வந்தது, இரவுக் கச்சேரிகள் படுத்தன. அம்ஹாவும் நாட்டை விட்டுப் போனார்.

அந்தப் பழைய ரெக்கார்டுகளை உலகம் கேட்டது பிரான்சிஸ் ஃபால்செட்டோ என்ற பிரெஞ்சுக்காரரால். 1997 முதல் ‘எத்தியோப்பிக்’ என்ற வரிசையில் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். அதில் இடம்பெற்ற இசைக்கலைஞர் முலாட்டு அஸ்டாட்கேக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது, அவர் இசை ஒலித்த ‘புரோக்கன் ஃபிளவர்ஸ்’ (2005) படம். எனக்கென்னவோ மஹ்மூத் ஒரு படி மேல்.

அவருடைய ‘எரே மேலா மேலா’வில் (1975) தொடங்குங்கள். பாஸ் கிதார் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். அதன்மேல் குரல் ஒவ்வொரு சுரத்தின் முனையிலும் நடுங்கி வளையும். அந்த நடுக்கத்தை மட்டும் கவனியுங்கள், மொழி தடையாக இருக்காது. பிறகு எமஹோய் செகே-மரியம் கெப்ரூ. 2023இல் ஜெருசலேமில் தம் 99ஆம் வயதில் மறைந்த கன்னியாஸ்திரீ. வெறும் பியானோதான், தாளவாத்தியம் கிடையாது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கேளுங்கள்.

பிடித்திருந்தால் தெரிந்தவர் ஒருவருக்கு அனுப்புங்கள். ஒரே ஒரு பாட்டு. கூடவே, எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு வரி.