சவ்வரிசி அரிசியல்ல, ஆனாலும் கவனம் தேவை!

‘அரிசியும் வேண்டாம், கோதுமையும் வேண்டாம்’ என்று முடிவெடுத்ததும் நம் வீடுகளில் காலைப் பசியாறலுக்கு அடுப்பேறுவது எது? பெரும்பாலும் சவ்வரிசிக் கஞ்சி அல்லது அவித்த மரவள்ளி. இரண்டுமே தானியமல்ல என்பது உண்மைதான். ஆனால், இனிப்பு நீர் உள்ளவருக்கு அவை ஏற்றவையா?

முதலில் தானியம் எது என்று பார்ப்போம். தாவரவியலில் அது புல் குடும்பத்தின் விதை. தஞ்சோங் காராங் வயல்களில் விளையும் நெல், கோதுமை, ஓட்ஸ், கேழ்வரகு எல்லாம் அதில் அடங்கும். நாம் நவதானியம் என்று சொல்லும் ஒன்பதில் நெல்லும் கோதுமையும் மட்டுமே புல் குடும்பம். பச்சைப்பயறு, உளுந்து, கொள்ளு போன்றவை அவரைக் குடும்பம். சவ்வரிசியோ விதையே அல்ல. சரவாக்கில் சாகோ மரத்தின் தண்டிலிருந்தும், தமிழ்நாட்டில் மரவள்ளிக் கிழங்கிலிருந்தும் எடுக்கும் மாவுதான் அது.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி தட்டுப்பாடானபோது தோட்டத்து மக்களின் பசியைத் தாங்கியது மரவள்ளி. நாள் முழுதும் உழைத்த உடம்பு அந்த மாவுச்சத்தைச் செலவழித்தது. இன்று நிலைமை வேறு. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர் உள்ளது.

50 கிராம் சவ்வரிசியில் சுமார் 44 கிராம் மாவுச்சத்து. புரதமும் நார்ச்சத்தும் இல்லையென்றே சொல்லலாம். அது விரைவாகக் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கும். அதே எடை பச்சைப்பயற்றில் சுமார் 12 கிராம் புரதமும் 8 கிராம் நார்ச்சத்தும் உண்டு. இவை செரிமானத்தை மெதுவாக்குவதால் சர்க்கரை படிப்படியாகவே ஏறும். கோதுமையிலுள்ள குளூட்டன் மட்டும் ஒவ்வாதவருக்குச் சவ்வரிசியால் சிக்கல் இல்லை. எதற்காகத் தானியத்தை விடுகிறீர்கள் என்பதே முதல் கேள்வி.

ஒருவருக்கான கஞ்சி இது. 50 கிராம் முழுப் பச்சைப்பயற்றை இரவே ஊறவையுங்கள். காலையில் நீரை வடித்து, இரண்டு குவளைப் புதுத் தண்ணீரில் இஞ்சி, பூண்டு, சீரகம் சேர்த்து மெதுவாக வேகவிடுங்கள். பாதி வெந்ததும் ஒரு கைப்பிடி பூசணித் துண்டுகளைப் போடுங்கள். குழைந்ததும் அகப்பையால் பாதியை மசித்து, ஒரு சிட்டிகை உப்பும் ஒரு மேசைக்கரண்டி துருவிய தேங்காயும் சேர்த்து இறக்குங்கள். சீனி, வெல்லம் வேண்டாம்.

இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள் உணவை மாற்றுமுன் கிளினிக்கில் கேளுங்கள். மாவுச்சத்து திடீரெனக் குறைந்தால் சர்க்கரை அளவு தாழ்ந்துவிடலாம். சிறுநீரக நோயாளிகளுக்குப் பயறு எல்லாருக்கும் ஏற்றதல்ல. அவர்களும் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

வீட்டில் இரத்தச் சர்க்கரை சோதிக்கும் கருவி இருக்கிறதா? வழக்கமான பசியாறலுக்கு முன்பும், இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்து எழுதுங்கள். மறுநாள் இந்தக் கஞ்சிக்கும் அப்படியே செய்யுங்கள். அந்த நான்கு எண்களை அடுத்த முறை கிளினிக்கிற்குப் போகும்போது மறக்காமல் கொண்டு செல்லுங்கள்.