உங்களுக்குத் தெரியுமா? ஆற்றைப் பொறுத்தது வரம்பு

சுத்திகரித்த கழிவுநீரை ஆற்றில் விட உலகெங்கும் முன்மாதிரியான '20:30' வரம்பு, 1912இல் பிரிட்டனின் அரச ஆணையம் வகுத்தது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் 'உயிர்வேதி ஆக்சிஜன் தேவை' (நுண்ணுயிர்கள் செலவழிக்கும் ஆக்சிஜன்), 30 மில்லிகிராம் கரையாத துகள்கள். இதற்கு மேல் போகக்கூடாது.

20 எப்படி வந்தது? ஆற்றுநீரில் இந்தத் தேவை 4ஐத் தாண்டினால் ஆறு கெடத் தொடங்கும் என்று ஆணையம் கணித்தது. நல்ல ஆற்றிலேயே 2 இருக்கும். ஒரு பங்கு கழிவுநீரோடு எட்டுப் பங்கு ஆற்றுநீர் சேர்ந்தால் 20+16=36; ஒன்பதால் வகுத்தால் சரியாக 4! ஆக, ஆற்றில் தண்ணீர் ஓடினால்தான் இந்தக் கணக்கு செல்லும். கோடையில் மணல் மட்டுமே தெரியும் ஆற்றோரச் சிற்றூருக்கு 20கூட அதிகம்தான்.

இந்தத் தேவையை அளக்கும் சோதனை எளிது. குமிழி இல்லாமல் நீர் நிரப்பிய குப்பியை மூடி இருட்டில் வைத்து, நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழித்தன என்று அளப்பார்கள். குளிர்நாடான பிரிட்டனில் 5 நாள். இந்தியாவில் 27 டிகிரி செல்சியஸில் 3 நாள்.

இந்தியாவில் இந்தத் தேவைக்கான வரம்பை 2017இல் மத்திய அரசு பெருநகரங்களுக்கு 20, மற்ற ஊர்களுக்கு 30 என்று அறிவித்தது. சிற்றூர் ஆறும் ஆறுதானே? 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்தப் பாகுபாட்டை ஏற்காமல், நாடு முழுவதற்கும் 10 என உத்தரவிட்டது.