சலரோகிக்கு மாம்பழம் விலக்கா?

மாம்பழக் காலத்திலே நம் வீடுகளில் ஒரு சிறு கொடுமை நிகழ்வதை நாம் காண்கிறோம். கறுத்தக்கொழும்பான் வெட்டிய தட்டு எல்லோரிடமும் செல்லும். சலரோகம் உள்ள பாட்டனாரை மட்டும் அது தாண்டிப் போய்விடும். அதே பாட்டனாருக்கு மத்தியானத்தில் இரண்டாந் தரமும் சோறு போடுவதற்கு எவரும் தயங்குவதில்லை. சோறு இனிப்பதில்லை, ஆதலால் அதனாற் சீனி ஏறாதென்று எண்ணிவிடுகிறோம் போலும்!

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஒரு கோப்பைச் சோற்றில் ஏறக்குறைய 45 கிராம் மாப்பொருள் உண்டு. அது குடலிலே செரித்துக் குளுக்கோசாகக் குருதியிற் சேர்கிறது. அரைக் கோப்பை மாம்பழத் துண்டுகளிலோ 15 கிராம் அளவுதான். ஆகவே பழத்தை முற்றாக விலக்குவதிலும், பழம் உண்ணும் வேளையிற் சோற்றைக் குறைப்பதே அறிவுடைமை. பிட்டும் மாம்பழமும் சேர்த்துண்ணும் நம்மவர் வழக்கம் சுவையிற் சிறந்ததே. ஆயின் சலரோகிக்கு அது இரட்டைச் சுமை.

எவ்வளவு உண்கிறோம் என்பதோடு, எவ்வாறு உண்கிறோம் என்பதும் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஆய்வாளர்கள் 1977ஆம் ஆண்டிலே சுகதேகிகள் பதின்மருக்கு அப்பிளை முழுப்பழமாகவும், மசித்த கூழாகவும், வடித்த சாறாகவும் கொடுத்துச் சோதித்தனர். மூன்றிலும் மாப்பொருள் 60 கிராமே. முழுப்பழத்தை உண்பதிலும் பதினொரு மடங்கு விரைவிற் சாற்றைக் குடித்துவிட முடிந்தது. குருதியிற் சீனி ஏறிய அளவு பெரிதும் வேறுபடவில்லை. வேறுபாடு அதன் பின்னரே தெரிந்தது. சாறு குடித்தவர்களுக்கு இன்சுலின் மிகுதியாகச் சுரந்து, சீனி சடுதியாகத் தாழ்ந்தது. பழத்தைக் கடித்துண்டபோது அவ்வீழ்ச்சி காணப்படவில்லை. பசி நன்கு அடங்கியதும் அப்பொழுதே. நார்ப்பொருளைச் சிதைப்பதாலும் நீக்குவதாலும் வரும் விளைவு இது.

இஃதிவ்வாறிருக்க, நோயாளியைப் பார்க்கச் செல்வோர் போத்தல் போத்தலாகப் பழச்சாறு சுமந்து செல்வதை என்னென்பது! சாறே மருந்தாகும் வேளை ஒன்றுண்டு. இன்சுலின் ஏற்றுவோருக்கும் சில மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் சீனி அளவுக்குமேல் தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் காணும். நினைவு தெளிவாக இருப்பின், அப்போது அரைக் கோப்பைச் சாறு உடனே கொடுத்தல் வேண்டும். மற்றைய நாட்களிற் பழத்தைப் பழமாகவே உண்பது நன்று.

கொய்யாப்பழத்தை விதையோடு உண்ணலாம். நார்ப்பொருள் அதில் நிறைய உண்டு. வாழைப்பழம் கனியக் கனிய அதிலுள்ள மாப்பொருள் சீனியாக மாறுவதால், தோல் கறுக்குமுன் உண்பதே நலம். எந்தப் பழமாயினும் ஒருவருக்கு ஒத்துக்கொள்வது மற்றவருக்கும் அவ்வாறே ஒத்துக்கொள்ளும் என்பதில்லை. குருதிச் சீனியை அளக்கும் சிறுகருவி இன்று பல வீடுகளில் இருக்கிறது. உண்பதற்கு முன்னும், உண்ணத் தொடங்கி இரண்டு மணி நேரத்தின் பின்னும் அளந்து பார்க்கலாம். வீட்டிலுள்ள மாணவர் எவரேனும் அவ்விரு எண்களையும் உண்ட பழத்தின் அளவையும் ஒரு கொப்பியிற் குறித்து வருவாராயின், அடுத்த முறை வைத்தியரிடம் செல்லும்போது அக்கொப்பியைக் காட்டியே பழத்தின் அளவைத் தீர்மானித்துக்கொள்ளலாம்.